நூல் வித்தியாசம் இல்லாத இரண்டு மணப்பெண்கள்

போன மாதம் ஒரு காலையில் பவித்ரா தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டிப் படம் பிடித்தாள். பாளையங்கோட்டையில் நான் நடத்திவந்த அழகு நிலையத்தை இப்போது நடத்துகிறவள் அவள்தான். ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒருநாள் அங்கே போய், ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, எல்லோருடைய வேலையிலும் குறை சொல்லிவிட்டு வருவது என் வழக்கம்.

கைப்பேசி ஒரு நொடி யோசித்துவிட்டுப் பதில் சொன்னது.

"அக்கா, ஒங்களுக்கு முட்டை வடிவ முகமாம். எந்தத் தலை அலங்காரமும் பொருந்துமாம்."

"அப்போ மொட்டை அடிச்சாலும் பொருந்தும்னு சொல்லுதா?" என்றேன்.

வேலை செய்கிற பெண்கள் சிரித்தார்கள். பவித்ரா விடவில்லை. "சிரிக்காதீங்கக்கா. இது எதுவும் இல்லாம யாருக்கு எது பொருந்தும்னு நீங்க எப்படிக் கண்டுபிடிச்சிய? எழுதிக் குடுங்க, பிள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டுதேன்."

முப்பத்துநாலு வருஷத்தில் என்னிடம் யாரும் எதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டதில்லை. அதனால் அன்று சாயங்காலமே ஒரு நோட்டு வாங்கிவிட்டேன்.

அந்தக் கைப்பேசி மேல் எனக்குக் கோபமில்லை. அது முகத்தின் ஓரத்தை அளக்கிறது. ஓரம் பாதிக் கதைதான். மீதிக் கதை உள்ளே இருக்கிறது. புருவம் நேராக ஓடுகிறதா, வளைகிறதா? மூக்கு நீளமா, சின்னதா? தாடை மடங்குகிற இடத்தில் முனை இருக்கிறதா, இல்லையா? எனக்கு இதையெல்லாம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ரோஸ்லின் அக்கா. அந்த நிலையத்தை முதலில் ஆரம்பித்தவர் அவர்தான். அவர் கணக்கில் முகம் நாலு வகை. நாலுக்கும் அவரே பெயர் வைத்திருந்தார்.

ஒன்று கூழாங்கல் முகம். ஆற்றுக்குள் கிடந்து உருண்ட கல் மாதிரி எங்கேயும் முனை இருக்காது. நெளிவான முடி, துவண்டு விழுகிற துணி இவர்களுக்குப் பொருந்தும். என் முகம் இந்த ரகம். அடுத்தது மொட்டு முகம். கண், மூக்கு, வாய் எல்லாமே சின்னதாக, உருண்டையாக இருக்கும், வயசு தெரியாது. பொடிப் பூப் போட்ட துணியும் பளிச்சென்ற நிறமும் இவர்களுக்கு. மூன்றாவது கத்தி முகம். நேர்ப் புருவம், நீள மூக்கு, முனை வைத்த தாடை. சிலை முகம் என்று ஒன்று உண்டு, இடமும் வலமும் அச்சு அசலாக அமைந்திருக்கும், அதில் நாம் கூடுதலாக எதைச் செய்தாலும் கெட்டுப்போகும். முக்கால்வாசிப் பேர் கலப்படம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ரோஸ்லின் அக்காவிடம் நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. மேலப்பாளையத்தில் பத்தாவதோடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் சவுதிக்குப் போய்விட்டார். சும்மா இருக்கப் பிடிக்காமல் வாப்பாவைக் கெஞ்சி, உம்மாவை மிஞ்சி, பஸ் ஏறினேன். முதல் இரண்டு வருஷம் துண்டு துவைத்தேன், சீப்பு கழுவினேன், நூல் பிடித்துப் புருவம் திருத்தினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ரோஸ்லின் அக்காவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். குள்ளமாக, ஒல்லியாக, எப்போதும் வெள்ளைப் பருத்திச் சேலையில் இருப்பார். முகத்தில் பவுடர்கூடப் போட மாட்டார். அழகு நிலையம் நடத்துகிறவரா, ஆஸ்பத்திரி நடத்துகிறவரா என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். நாங்கள் செய்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒரே ஒரு வார்த்தைதான். "துடைச்சிரு." என்ன தப்பு, ஏன் தப்பு, எதுவும் சொல்ல மாட்டார். பிடித்துவிட்டால் அதுவும் கிடையாது. எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, ஒரு சீப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அவர் சீப்பைத் துடைத்தால் நாங்கள் மூச்சு விடுவோம். அந்தச் சீப்புக்காக ஏங்கியதுபோல நான் நகைக்குக்கூட ஏங்கியதில்லை.

அவருடைய முறையை அப்படியே எழுதுகிறேன். வந்தவரை வடக்கு ஜன்னல் பக்கம், கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்காரவைக்க வேண்டும். டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். முகத்தைக் கழுவி, முடியை நனைத்து முழுக்கப் பின்னால் வாரி, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துண்டு போட வேண்டும். கட்டியிருக்கிற சேலையின் நிறம் நம் கண்ணை ஏமாற்றக் கூடாது. பிறகு அன்றைய செய்தித்தாளைக் கையில் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சும்மா இருக்கிற முகம் விறைத்துப்போய் இருக்கும், படிக்கும்போதுதான் அது தன் சுபாவத்துக்கு வரும் என்பது அவர் கணக்கு. அதற்குப் பிறகுதான் காதுப் பக்கத்தில் பெரிய ஜிமிக்கி, சின்னத் தோடு என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்போம். துணித் துண்டுகளைத் தோளில் போட்டுப் பார்ப்போம். முகத்தில் என்ன கோடு இருக்கிறதோ அதே கோடு முடியிலும் துணியிலும் வர வேண்டும். மூக்கும் கண்ணும் என்ன அளவோ அந்த அளவுக்குத்தான் நகையும் பூவும்.

கேட்கச் சுலபமாக இருக்கும். எனக்குப் பிடிபட ஏழெட்டு வருஷம் ஆனது. ஒருமுறை ஒரு வக்கீலம்மா வந்தார். மொட்டு முகம். கோர்ட்டில் எல்லோரும் "ஒங்க சீனியர் எங்க பாப்பா?" என்று கேட்கிறார்களாம், வயசைக் கூட்டித் தரச் சொன்னார். நானும் இழுத்துக் கொண்டை போட்டு, கறுப்புக் கரைச் சேலை கட்டி, பெரிய பொட்டு வைத்தேன். பள்ளிக்கூட நாடகத்தில் கிழவி வேஷம் போட்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். "துடைச்சிரு" என்றார் ரோஸ்லின் அக்கா. கழுத்தோடு நிற்கிற முடி, சின்ன முத்துத் தோடு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலையில் பொடிக் கரை என்று மாற்றி அனுப்பினோம். வயசு கூடவில்லை, ஆனால் ஆள் தீர்மானமாகத் தெரிந்தார். அடுத்த மாதம் அவர் தன் கட்சிக்காரரின் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு இனி எல்லாம் தெரியும் என்று அன்றைக்கு நினைத்துவிட்டேன்.

அந்த நினைப்பை உடைத்தது கோமதி அம்மா வீட்டுக் கல்யாணம்.

கோமதி அம்மா டவுனில் இருந்தார். சைவக் குடும்பம், கண்டிப்பான மனுஷி. இரண்டு மகள்களுக்கும் ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம். மாப்பிள்ளைகள் அண்ணன் தம்பிகள். மூத்தவர் கூடங்குளத்தில் வேலை பார்த்தார், இளையவர் வங்கியில். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டுக்குத்தான் வாழப் போகிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது பத்து வருஷம் முடிந்திருந்தது. ரோஸ்லின் அக்கா இரண்டு பெண்களையும் என் பொறுப்பிலேயே விட்டார்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பு ஒத்திகைக்கு வந்தார்கள். கோமதி அம்மா வாசலிலேயே நின்று சட்டம் போட்டார்.

"இந்தா பாரும்மா. ரெண்டும் எனக்கு ரெண்டு கண்ணு. ஒரே சேலை, ஒரே நகை, ஒரே பூ. ஒருத்திக்குக் கூட்டி ஒருத்திக்குக் குறைச்சான்னு நாளைக்கு ஒரு சொல்லு வரக் கூடாது. நூல் வித்தியாசம் இருக்கப்படாது."

கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டில் எடுத்தாயிற்று. இரண்டும் ஒரே தறியில் நெய்தவை. இளம் ரோஸ் நிறம், உடம்பெல்லாம் பொடிப் பூ, அகலமான அரக்குக் கரை, அதே அரக்கில் முந்தி. அதை மாற்ற யாராலும் முடியாது.

மூத்தவள் காந்திமதி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நல்ல உயரம், எலும்பு தெரிகிற கன்னம், நீள மூக்கு. இளையவள் மீனா, அக்காவின் தோளுக்கு வருவாள், குண்டுக் கன்னம், சிரித்தால் குழி விழும். நான் செய்தித்தாளை எடுக்கவே இல்லை. அம்மா சட்டம் போட்டுவிட்டாரே, இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நேரே வேலையில் இறங்கினேன். இரண்டு பேருக்கும் காதோரம் சுருள் எடுத்தேன், பிறை மாதிரி மல்லிகை வைத்தேன், வட்டப் பொட்டு, வளைந்த புருவம், ரோஸ் நிற உதட்டுச் சாயம். ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

இரண்டு பேரையும் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். மீனா பொம்மை மாதிரி இருந்தாள். காந்திமதியோ கூத்துக்காகப் பெண் வேஷம் கட்டிய ஆண்பிள்ளை மாதிரி இருந்தாள். அவள் கண்ணாடியை ஒரு தடவைதான் பார்த்தாள்.

"நல்லா இருக்குக்கா," என்றாள். யாருக்கும் நோகாமல் சொல்லிப் பழகிய குரல் அது.

ரோஸ்லின் அக்கா உள்ளே வந்து மீனாவைப் பார்த்துத் தலையசைத்தார். காந்திமதி பக்கம் திரும்பி, "துடைச்சிரு," என்றார்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலத்தானேக்கா பண்ணேன்?"

"அதான் சொல்லுதேன். துடைச்சிரு."

துடைத்தேன். ரோஷத்தோடு மறுபடி உட்கார்ந்து, மூக்கை ஒல்லியாகக் காட்ட இரண்டு பக்கமும் நிழல் கொடுத்தேன், தாடை முனையை மறைக்க இன்னும் இரண்டு சுருள் தொங்கவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற பிழை இது. பெரிதாக இருப்பதையெல்லாம் குற்றமாக நினைத்து மறைக்கப் பார்ப்போம். மறைக்க மறைக்க அது இன்னும் எடுப்பாகத் தெரியும். ரோஸ்லின் அக்கா இந்த முறை துண்டை எடுத்து என் மடியில் போட்டார்.

அம்மாவும் மீனாவும் பூக்காரரிடம் பேசக் கிளம்பிய பிறகு காந்திமதி தன் பையிலிருந்து ஒரு ஆல்பத்தை எடுத்தாள். பிறந்தநாள், பொங்கல், மணிமுத்தாறு அணைக்குப் போன சுற்றுலா என்று எல்லாப் படத்திலும் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே துணி. ஒரே பீஸில் வெட்டித் தைத்தது. எல்லாமே ரோஸ், எல்லாவற்றிலும் கொசுவம், பொடிப் பூ. எல்லாமே மீனாவின் முகத்துக்கு எடுத்தவை. எல்லாப் படத்திலும் காந்திமதி பின்னால் நின்று, தங்கை உயரத்துக்குத் தலையைக் குனிந்திருந்தாள்.

"அம்மா ஓரவஞ்சனை பண்ணவே இல்லக்கா," என்றாள். "அதனால யார்கிட்டயும் கோவிச்சுக்கவும் முடியல. ஒரு கல்யாணத்துல ஒரு பெரியம்மா என்னய மீனாவுக்குச் சித்தியான்னு கேட்டா. நான் அழகா ஆக்குங்கன்னு கேக்கல. அந்த வீட்டுக் கூடத்துல எங்க கல்யாணப் படத்தப் பெருசா மாட்டுவாங்கல்லா? ஆயுசுக்கும் அதுக்குக் கீழதான் நான் நடமாடணும். அதுல நான் அவளுக்குத் துணைக்கு வந்தவ மாதிரி தெரியக் கூடாது. அவ்வளவுதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே மாதிரி செய்தால் நியாயம் என்று நானும் அல்லவா நம்பிவிட்டேன்! இந்தப் பெண் சின்ன வயசிலிருந்தே தங்கையின் முகத்துக்கு வாங்கிய துணியைப் போட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள்.

முடியை நனைத்துப் பின்னால் வாரி, வெள்ளைத் துண்டைப் போட்டு, செய்தித்தாளைக் கையில் கொடுத்தேன். அவள் படிக்க ஆரம்பித்தாள். ஏதோ தண்ணீர்த் திறப்புச் செய்தி. இரண்டாவது பத்தியில் டீச்சர் குரல் வந்துவிட்டது. புருவம் நேர்கோடாக நின்றது. மூக்கு நேராக இறங்கியது. தாடை வெட்டின மாதிரி. கண் ஒவ்வொரு வரியையும் பிடித்துத் தள்ளியது. அடடா, என்ன கம்பீரம்! வகுப்பில் இவள் திரும்பினால் நாற்பது பிள்ளைகளும் வாயை மூடும். முதல் தரமான கத்தி முகம். அதைப் போய் நான் சுருளுக்குள்ளே ஒளித்துவைக்கப் பார்த்தேன்.

"அக்கா, அம்மாவோட சட்டத்த என்ன செய்ய?" என்று ரோஸ்லின் அக்காவிடம் கேட்டேன்.

"அவுக சாமானத்தான் சொன்னாக. சாமான எப்படி வைக்கணும்னு சொல்லலையே," என்றார் அவர். "பைய யோசி."

பன்னிரண்டு நாளும் யோசித்தேன். சேலையில் இரண்டு நிறம் இருக்கிறது. மீனாவுக்குப் பொடி மடிப்பாக எடுத்து, ரோஸும் பூவும் முகத்துப் பக்கம் வரும்படி கட்டலாம். காந்திமதிக்கு நாலே அகல மடிப்பு வைத்து, அரக்குக் கரை தோளிலிருந்து நேராக இறங்கும்படி கட்டினால் முகத்துக்குப் பக்கத்தில் அரக்குதான் தெரியும். தையல்காரரிடம் நானே போனேன். ரவிக்கைத் துணி ஒன்றுதான், ஆனால் மீனாவுக்கு வட்டக் கழுத்து, காந்திமதிக்கு 'வி' கழுத்து. அட்டிகை ஒரே எடை. காந்திமதியின் அட்டிகைக்குப் பின்கயிற்றை மூன்று விரல் கூட்டிவிட்டால் அது கழுத்தை நெரிக்காமல் கீழே இறங்கி நிற்கும். பூ ஆளுக்குப் பத்து முழம். மீனாவுக்குத் தளர்த்திக் கட்டியது, பிறை பிறையாக. காந்திமதிக்கு நெருக்கிக் கட்டியது, சடை நெடுக நேர் வரிசையாக.

கல்யாணத்தன்று ஒன்பதரைக்கு முகூர்த்தம். விடிந்ததும் மண்டபத்து அறைக்குள் புகுந்துகொண்டோம். மீனாவை ரோஸ்லின் அக்காவின் கையில் கொடுத்துவிட்டு நான் காந்திமதியிடம் இருந்தேன். நடு வகிடு எடுத்து, ஒரு முடி பிசகாமல் வாரினேன். புருவத்தை வளைக்காமல் நேராகவே விட்டேன். மூக்குக்கு நிழலே கொடுக்கவில்லை, நடுத்தண்டில் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தேன். நீளப் பொட்டு. செங்கல் நிற உதட்டுச் சாயம். மூக்குத்தியைப் போட்டதும் அந்த மூக்கு அதற்காகவே காத்திருந்த மாதிரி மின்னியது.

திருப்பி உட்காரவைத்தேன். காந்திமதி கண்ணாடியைப் பார்த்தாள். இந்த முறை பார்வையை எடுக்கவில்லை.

"இது நான்தான்க்கா," என்றாள். எனக்கு அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு கோமதி அம்மா வந்தார். அவர் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். அட்டிகையைத் தொட்டுப் பார்த்தார். வளையலை எண்ணினார். இரண்டு சடையிலும் பூவை முழம் போட்டு அளந்தார், சத்தியமாக அளந்தார். பத்து, பத்து. பிறகு நாலடி பின்னால் போய் நின்று மகள்களைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

கோமதி அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஒண்ணுக்கொண்ணு குறைவில்ல," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா? நான்தான் அன்னைக்கே சொன்னேன்லா. ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலப் பண்ணாத்தான் எடுப்பா இருக்கும்னு!"

"ஆமாம்மா, நீங்க சொன்ன மாதிரியேதான் பண்ணேன்," என்றேன். மீனா சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அந்தத் தையல்காரரின் விலாசத்தை எனக்குக் கொடுத்ததே அவள்தான்.

தாலி கட்டி முடிந்தது. நானும் ரோஸ்லின் அக்காவும் மேடைக்குக் கீழே, தூணை ஒட்டி நின்றோம். அண்ணன் தம்பிகள் இரண்டு ஓரத்திலும், அக்கா தங்கை நடுவிலும் நின்றார்கள். கூடத்தில் மாட்டப்போகிற படம் இதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். போட்டோகிராபர் கேமராவுக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மூத்த பொண்ணு கொஞ்சம் தலையக் குனிஞ்சுக்கிடுங்கம்மா. தங்கச்சி பக்கத்துல ரொம்ப ஒசரமாத் தெரியுது."

காந்திமதியின் தலை பழக்கத்தில் ஒரு அங்குலம் இறங்கியது. என் நெஞ்சும் கூடவே இறங்கியது. இறங்கிய தலை அங்கேயே நின்றது. பிறகு பைய மேலே ஏறியது.

"நான் குனியலண்ணாச்சி," என்றாள். கணக்கு டீச்சர் குரல். மேடைக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நின்றுவிட்டன. "நீங்க ஒரு ஸ்டூல் போட்டு ஏறிக்கிடுங்க."

மூத்த மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். மீனா அக்காவின் கையைப் பிடித்து, பெருவிரலில் எக்கி நின்றாள். யாரோ ஸ்டூலைக் கொண்டுவந்து போட, போட்டோகிராபர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அதில் ஏறினார். காந்திமதி கேமராவை நேராகப் பார்த்தாள்.

அந்தப் படம் இன்றைக்கும் அந்தக் கூடத்தில் இருக்கிறது. நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

மேளச் சத்தம் காதைப் பிளந்தது. நான் ரோஸ்லின் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருந்தார். கைப்பையைத் திறந்து, ஒரு சீப்பை எடுத்து, முந்தானையால் பல் பல்லாகத் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அந்தச் சீப்பில் ஒரு முடிகூட இல்லை.